எல்லைக் கோட்டுக்குள் எண்ணெய்: நார்த் ஸ்லோப் பரோ, ஒரு நிகழ்வு ஆய்வு

அலாஸ்காவின் வட விளிம்பில், ப்ரூக்ஸ் மலைத்தொடருக்கும் ஆர்க்டிக் கடலுக்கும் நடுவே ஓர் உள்ளாட்சி அமைப்பு இருக்கிறது. பெயர் நார்த் ஸ்லோப் பரோ. நீர்ப்பரப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2,45,000 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கையும் கூட்டினாலும் இதைவிடக் கொஞ்சம் குறைவுதான். 2020 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 11,031 பேர். அதாவது ஆளுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

அந்த 11,031 பேரில் 4,927 பேர் உத்கியாக்விக் என்ற தலைமை ஊரில் இருக்கிறார்கள். மற்ற ஏழும் சிற்றூர்கள். பாயின்ட் ஹோப்பில் 830 பேர், வெய்ன்ரைட்டில் 628, நுயிக்சுட்டில் 512, காக்டோவிக்கில் 283, அட்காசுக்கில் 276. பாயின்ட் லே, அனாக்டுவுக் பாஸ் இரண்டும் இந்த அளவுதான். மீதிப் பேரில் பெரும்பாலோர் எண்ணெய் வயல் முகாம்களில் முறை வைத்து வேலை செய்கிறவர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆண்டு முழுவதும் போகக்கூடிய சாலை கிடையாது. சிறு விமானம் உண்டு, பனிக்காலத்தில் பனி வண்டி உண்டு. கோடையில் கடல் திறந்திருக்கும் சில வாரங்களில் சரக்குப் படகு வரும். உத்கியாக்விக்கில் நவம்பர் நடுவில் மறையும் சூரியன் மறுபடி தலைகாட்ட ஜனவரி கடைசி வாரம் ஆகிவிடும்.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். உத்கியாக்விக்கின் பழைய பெயர் பாரோ. 2016இல் மக்கள் வாக்களித்து முன்னோர் பெயரை மீட்டார்கள். பாரோ என்பது ஊர். பரோ என்பது அமைப்பு. ஒலியில் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.

இப்படி ஓர் இடத்தில் பள்ளிக்கூடம், தண்ணீர், காவல், தீயணைப்பு, ஹெலிகாப்டரோடு ஒரு மீட்புப் படை எல்லாவற்றையும் உள்ளாட்சியே நடத்துகிறது. எப்படி முடிகிறது என்று கேட்டால் "எண்ணெய்க் காசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பொய்யில்லை. ஆனால் உலகத்தில் எண்ணெய் கிடைத்த எத்தனையோ இடங்களில் அந்த மண்ணில் வாழ்பவர்களுக்குப் புகையும் தூசியும்தான் மிஞ்சியது. இங்கே மட்டும் ஏன் வேறு மாதிரி ஆனது? என் பார்வையில், 1972இல் வரைந்த ஓர் எல்லைக் கோடுதான் காரணம். இந்த ஆய்வு அந்தக் கோட்டைப் பற்றியது.

கவுண்டி வேண்டாம் என்றவர்கள்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உள்ளாட்சியின் அடிப்படை அலகு கவுண்டி. 1955-56இல் அலாஸ்காவின் அரசியலமைப்பை எழுதக் கூடியவர்கள் அந்தச் சொல்லையே வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். குட்டிக் குட்டியாகப் பல அமைப்புகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக வரி போடுவது என்ற நிலைமை இங்கே வந்துவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். அதற்காகப் பரோ என்ற அலகை உண்டாக்கினார்கள். அரசியலமைப்பின் 10ஆம் பகுதி அதை இரண்டு வாக்கில் சொல்கிறது: உள்ளூர் தன்னாட்சி அதிகபட்சமாக இருக்க வேண்டும், உள்ளாட்சி அலகுகளின் எண்ணிக்கை குறைந்தபட்சமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பரோவும் பொதுவான நலன்கள் கொண்ட பகுதியையும் மக்களையும் முடிந்தவரை உள்ளடக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

"பொதுவான நலன்கள்" என்ற அந்தத் தொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எழுதியதெல்லாம் சரி, மக்கள் பரோ அமைக்கத் துடிக்கவில்லை. பரோ வந்தால் வரி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1963இல் மாநிலச் சட்டமன்றம் எட்டுப் பகுதிகளைக் கட்டாயப்படுத்தித்தான் பரோ ஆக்க வேண்டியிருந்தது. இன்றும் மாநிலத்தின் பரப்பில் ஏறக்குறையப் பாதி, அமைக்கப்படாத பரோ என்ற பெயரில், உள்ளூருக்கென்று ஒரு பரோ அரசு இல்லாமலே கிடக்கிறது. இந்தச் சூழ்நிலையில் வடக்குச் சரிவில் (நார்த் ஸ்லோப் என்பதன் பொருள் அதுதான்) வாழ்ந்த பூர்வகுடிகளான இன்யூப்பியாட் மக்கள் தாங்களாகவே முன்வந்து "எங்களுக்குப் பரோ வேண்டும்" என்று விண்ணப்பித்தது வழக்கத்துக்கு மாறான காரியம்.

வெளியார் ஆட்சியின் ருசி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1923இல் அவர்களைக் கேட்காமலே அவர்கள் நிலத்தின் பெரும்பகுதி கடற்படையின் எண்ணெய் இருப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1958இல் அணுசக்தி ஆணையம், பாயின்ட் ஹோப் அருகே அணுகுண்டுகளை வெடித்து ஒரு துறைமுகம் தோண்டத் திட்டம் போட்டது. ஊர் எதிர்த்து நின்றதால் 1962இல் அது கைவிடப்பட்டது. பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவேண்டுமென்றால் சிட்காவில் இருந்த மவுண்ட் எட்ஜ்கம்ப் விடுதிப் பள்ளிக்கோ, ஒரிகன் மாநிலத்தின் செமாவாவுக்கோ அனுப்ப வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு அது.

ஆளைக் கணக்குப் பார்ப்பதா, நிலத்தையா

1968இல் வடக்குச் சரிவின் கரையில் உள்ள ப்ரூடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்தது. வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய வயல். 1969 செப்டம்பரில் மாநில அரசு அங்கே குத்தகைகளை ஏலம் விட்டு 90 கோடி டாலர் வாங்கியது. வடக்குச் சரிவு மக்கள் கைக்கு அதில் ஒன்றும் வரவில்லை.

அதே நேரத்தில் அலாஸ்கா பூர்வகுடிகளின் நில உரிமைப் பிரச்சினைக்குத் தீர்வாக ஒரு சட்டம் வாஷிங்டனில் தயாராகிக்கொண்டிருந்தது. 1971 டிசம்பர் 18 அன்று அது கையெழுத்தானது: 4.4 கோடி ஏக்கர் நிலம், 96.25 கோடி டாலர். பங்கீட்டில் பெரிதும் பார்க்கப்பட்டது மக்கள்தொகை. நிலம் பெரிது, ஆள் கொஞ்சம் என்ற வடக்குச் சரிவு மக்களுக்கு இது நட்டக் கணக்கு. பரப்பைப் பார்த்துப் பங்கு கொடுங்கள் என்று அவர்கள் வாதாடினார்கள், எடுபடவில்லை. பூர்வகுடிக் கூட்டமைப்பு அந்தச் சட்டத்தை ஏற்க வாக்களித்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே பிராந்தியம் அவர்களுடையதுதான்.

அந்தத் தோல்வியிலிருந்துதான் பரோ பிறந்தது என்று நினைக்கிறேன். நிலத்தின் உரிமை வேறு, நிலத்தின் மேல் ஆட்சி வேறு. உரிமை கைக்கு வராத இடத்திலும் ஆட்சி எல்லையை வரையலாம். எல்லைக்குள் இருக்கும் எதற்கும் வரி போடலாம். மாநில செனட்டில் இருந்து அனுபவப்பட்ட ஈபன் ஹாப்சன் போன்றவர்களுக்கு இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரிந்திருந்தது. அவர்கள் கேட்ட பரோ நான்கைந்து ஊர்களைச் சுற்றிப் போட்ட சின்ன வட்டம் அல்ல. மலைமுகட்டிலிருந்து கடல்வரை, கனடா எல்லையிலிருந்து சுக்சி கடல்வரை மொத்தமும். நடுவில் ப்ரூடோ விரிகுடா.

1972 ஜூலை 1 அன்று பரோ அமைந்தது. ஹாப்சன் முதல் மேயர். அப்போது இருந்த ஊர்கள் ஐந்துதான். மக்கள் சில ஆயிரம் பேர்.

நிறுவனங்கள் போட்ட வழக்கு

எண்ணெய் நிறுவனங்கள் சும்மா இருக்குமா? பரோவை அனுமதித்த மாநில எல்லை ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டன. அவர்கள் வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. இவ்வளவு பெரிய பரப்பை, இவ்வளவு கொஞ்சம் பேரை, ஒன்றுக்கொன்று சாலைகூட இல்லாத ஊர்களை எப்படி ஒரே சமூகம் என்பது? ப்ரூடோ விரிகுடாவுக்கு இந்தப் பரோ எந்தச் சேவையும் தரப்போவதில்லை; அங்கே சாலை, மின்சாரம், தீயணைப்பு எல்லாவற்றையும் நாங்களே செய்துகொள்கிறோம்; பிறகு எதற்கு வரி?

ஒரு வரி செலுத்துபவராக நின்று பார்த்தால் இது நியாயமான கேள்விதான். சேவையே வாங்காதவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஆனால் உள்ளாட்சி வரியைக் கடையில் சாமான் வாங்குவதுபோலப் பார்க்கும் பார்வை இது. அலாஸ்காவின் உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. 1974இல் வந்த தீர்ப்பு, அரசியலமைப்பே உள்ளாட்சிகள் உருவாவதை ஊக்குவிக்கிறது, ஆகவே தகுதி விதிகளை நெகிழ்வோடுதான் பொருத்த வேண்டும் என்று சொல்லிப் பரோவை அப்படியே நிற்க வைத்தது. எல்லைக் கோடு ஓர் அங்குலமும் நகரவில்லை.

ஆயிரத்துக்கு இருபது

நிறுவனங்கள் நீதிமன்றத்தில் தோற்றாலும், பணத்தின் அளவைத் தீர்மானித்தது 1973இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய வரிச் சட்டம். இந்தச் சட்டத்தில்தான் கதையின் சுவாரசியமே இருக்கிறது.

எண்ணெய்க் கிணற்றுத் தளம், குழாய், பம்பு நிலையம், பதப்படுத்தும் ஆலை போன்றவற்றுக்கு மாநில அரசு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 20 டாலர் வரி போடுகிறது. உள்ளாட்சியும் அதே சொத்துக்கு வரி போடலாம். உள்ளாட்சிக்குக் கட்டியதை நிறுவனம் மாநிலத்துக்குக் கட்டவேண்டியதில் கழித்துக்கொள்ளும். பரோ 18 டாலர் வாங்கினால் மாநிலத்துக்கு மிஞ்சுவது 2 டாலர். பரோவின் வரி விகிதம் நெடுங்காலமாக அந்த 18ஐ ஒட்டித்தான் இருந்து வருகிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். பரோ வரியை ஏற்றினாலும் இறக்கினாலும் நிறுவனத்துக்கு ஒன்றுதான், எப்படியும் இருபது. இழுபறி பரோவுக்கும் மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கும் இடையே. அதனால் மாநிலம் ஓர் உச்சவரம்பு வைத்தது: அன்றாடச் செலவுக்காகப் பரோ வாங்கும் வரி, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கைத் தாண்டக் கூடாது. 1971இல் அவர்களைத் தோற்கடித்த மக்கள்தொகைக் கணக்கு கொல்லைப்புறமாக மறுபடி உள்ளே வந்துவிட்டது!

ஆனால் அந்த உச்சவரம்பில் ஓர் ஓட்டை. கடன் பத்திரங்களின் அசலையும் வட்டியையும் அடைக்கப் போடும் வரிக்கு வரம்பு கிடையாது. சம்பளத்துக்குப் பணம் வேண்டும் என்றால் தலையை எண்ணுவார்கள். கட்டடத்துக்குக் கடன் வாங்கினால் எண்ண மாட்டார்கள். சரி, யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? கடன் வாங்கிக் கட்டுவார்கள். 1977 ஜூனில், ப்ரூடோ விரிகுடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம்வரை போகும் டிரான்ஸ் அலாஸ்கா குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட கட்டுமானப் பணிகளில் பரோ இறங்கியது.

கட்டியது என்ன

முதலில் பள்ளிகள். ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளி வந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு ஒன்பது மாதம் காத்திருப்பது நின்றது. பிறகு வீடுகள், மின் நிலையங்கள், மருத்துவ நிலையங்கள், விமான ஓடுதளங்கள். ஒரு காலத்தில் மக்கள் காலிசெய்துவிட்டுப் போன நுயிக்சுட், அட்காசுக், பாயின்ட் லே மூன்றும் 1970களில் மறுபடி ஊர்களாயின. நுயிக்சுட்டுக்குத் திரும்பிய 27 குடும்பங்கள் 1973இல் கூடாரம் அடித்து, அந்தக் குளிரில் ஒன்றரை ஆண்டு அப்படியே இருந்தார்கள். பரோ என்ற அமைப்பு வந்திராவிட்டால் அந்தக் கூடாரங்கள் வீடுகளாகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

தண்ணீரும் கழிவும் தனிக்கதை. மண் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு உறைந்து கிடக்கும் இடத்தில் சாதாரணமாகக் குழாய் புதைத்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும்; சூடாக வைத்தால் சுற்றியுள்ள மண் இளகிக் குழாய் இறங்கும். ஆகவே வீடுகளில் வாளிதான் கழிப்பறை. அலாஸ்காவில் அதற்கு ஹனி பக்கெட் என்று பெயர். தேன் பெயரில் மட்டும்தான். இதற்குத் தீர்வாகப் பரோ தலைமை ஊரில் யூட்டிலிடார் என்ற ஒன்றைக் கட்டியது: உறைமண்ணுக்குள் ஆள் நடமாடும் அளவுக்குச் சுரங்கம், அதற்குள் காப்பிட்ட குழாய்கள். உலகில் எந்த நகராட்சியும் ஒரு வீட்டுக் குழாய் இணைப்புக்கு இவ்வளவு செலவு செய்திருக்குமா என்று தெரியவில்லை. வீணா? தெற்கே இருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றலாம். கழிவு வாளியைத் தூக்கியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

உண்மையான வீண் வேறிடத்தில் நடந்தது. இத்தனை பெரிய தொகையைச் செலவழிக்கத் தெரிந்த நிர்வாகிகள் ஒரு சில ஆயிரம் பேர் உள்ள சமூகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? வெளியிலிருந்து ஆலோசகர்களை வரவழைத்தார்கள். 1981 முதல் 1984 வரையிலான மேயர் காலத்தில் இரண்டு ஆலோசகர்கள் ஒப்பந்தக்காரர்களிடம் கமிஷன் கறந்து கோடிக்கணக்கில் சுருட்டினார்கள். 1989இல் கூட்டாட்சி நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்றது. பணம் வந்த வேகத்துக்கு அதைக் கண்காணிக்கும் திறன் வளரவில்லை. ஆனால் வாக்காளர்களின் கண் திறந்தே இருந்திருக்கிறது. 2016 ஏப்ரலில், பரோவின் பணத்தைச் செலவிட்ட விதம் சரியில்லை என்று ஒரு மேயரைப் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்களித்து இறக்கினார்கள்.

திமிங்கிலத்தை எண்ணிய உள்ளாட்சி

பரோவின் சாதனைகளில் எனக்குப் பிடித்தது கட்டடம் எதுவும் இல்லை, ஒரு கணக்கெடுப்பு.

இன்யூப்பியாட் வாழ்க்கையின் நடுத்தூண் போஹெட் திமிங்கிலம். வசந்தத்தில் தோல் படகோடு பனி விளிம்பில் காத்திருந்து வேட்டையாடுவார்கள். கிடைத்தால் ஊர் முழுக்கப் பங்கு. 1977இல் சர்வதேச திமிங்கில ஆணையம், இந்த இனம் 600 முதல் 2,000 வரைதான் மிஞ்சியிருக்கிறது என்ற மதிப்பீட்டை நம்பி, பூர்வகுடி வேட்டைக்கு இருந்த விலக்கை நீக்கியது. வேட்டைத் தலைவர்கள் உடனே அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணையத்தைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரில் டோக்கியோவில் கூடிய சிறப்புக் கூட்டம் 1978க்கு என்று ஒரு சின்ன ஒதுக்கீடு தந்தது: கரை சேர்த்தது 12, அல்லது ஈட்டி பாய்ந்தது 18, எது முதலில் வருகிறதோ அது.

வேட்டைக்காரர்கள் சொன்னது இதுதான்: உங்கள் எண்ணும் முறையே தப்பு. நீங்கள் பனி விளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணுகிறீர்கள். திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், மூச்சு விடத் தலையால் பனியை உடைக்கும். கரையிலிருந்து வெகு தூரத்திலும் போகும்.

விஞ்ஞானிகளிடம் இதைச் சொல்லி நிரூபிக்கக் காசு வேண்டும். காசு பரோவிடம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் கணக்கெடுப்பைப் பரோ தன் கையில் எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சியாளர்களை வேலைக்கு வைத்து, பனிக்கு அடியில் நீர் ஒலிவாங்கிகளை இறக்கியது. பனியால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நாட்களிலும் ஒலிவாங்கியில் திமிங்கிலங்கள் பாடிக்கொண்டு போனது கேட்டது. மதிப்பீடுகள் ஏறின. 2001இல் பத்தாயிரத்தைத் தாண்டியது. 2011இல் ஏறக்குறைய 17,000. இதில் ஒரு பகுதி இனம் உண்மையாகவே பெருகியதால் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் தொடக்க எண்ணிக்கை தப்பு என்ற வேட்டைக்காரர்களின் வாதம் நின்றது, ஒதுக்கீடும் உயர்ந்தது. ஒரு சர்வதேச ஆணையத்தின் புள்ளிவிவரத்தைத் திருத்திய உள்ளாட்சி உலகில் வேறு எங்காவது இருக்கிறதா?

குழாயின் விலை என்ன

இந்த அமைப்பின் பலவீனமும் வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. வரி விழுவது சாதனங்களின் மேல். சாதனம் பழசாகும், வயலில் எண்ணெய் வற்றும், மதிப்பு இறங்கும். 1988இல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடிய டிரான்ஸ் அலாஸ்கா குழாயில் இப்போது அதில் கால் பங்குகூட இல்லை. ஆக, புதுச் சாதனம் வந்துகொண்டே இருந்தால்தான் வருவாய் நிற்கும்.

மதிப்பு என்பது எவ்வளவு பெரிய சண்டைக்குரியது என்பதற்கு 2006ஆம் ஆண்டின் குழாய் மதிப்பீடு ஓர் உதாரணம். உரிமையாளர்கள் குழாயின் மதிப்பு 100 கோடி டாலருக்கும் குறைவு என்றார்கள். மாநில மதிப்பீட்டு வாரியம் 430 கோடி என்றது. நார்த் ஸ்லோப் பரோவும், குழாய்ப் பாதையில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் நார்த் ஸ்டார் பரோவும், வால்டீஸ் நகரமும் நீதிமன்றம் போயின. 2010இல் நீதிமன்றம் 998 கோடி என்றது; 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரே குழாய், பத்து மடங்கு வித்தியாசம்.

கடலில் நிலைமை இன்னும் சிக்கல். கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் பரோவின் வரிக் கை எட்டாது, ஆனால் திமிங்கிலம் போவது அங்கேயும்தான். எண்ணெய் கசிந்தால் சாப்பாடு போகும், வருமானமோ ஒரு காசும் வராது. ஷெல் நிறுவனம் போஃபர்ட் கடலில் துளையிட வந்தபோது, எட்வர்ட் இட்டா மேயராக இருந்த பரோ 2007இல் எதிர்த்து வழக்காடியது. தரையில் துளையிட ஆதரவு, கடலில் எதிர்ப்பு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் முரண்பாடு என்றார்கள். எல்லைக் கோடு எங்கே முடிகிறது என்று பார்த்தால் முரண்பாடு ஒன்றும் தெரியாது.

உண்மையான முரண்பாடு கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. நுயிக்சுட்டிலிருந்து 13 கிலோமீட்டர் தள்ளி 2000ஆம் ஆண்டில் ஆல்பைன் வயல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு அதன் கிளைத் தளங்கள் மேற்கே பரவின. காரிபு மான் கூட்டங்கள் போகும் பாதையில் குழாய்களும் சாலைகளும் வந்தன. அடுத்தது வில்லோ என்ற புது எண்ணெய் வயல் திட்டம். பரோ ஆதரித்தது. பிராந்தியப் பூர்வகுடி நிறுவனமான ஆர்க்டிக் ஸ்லோப் ரீஜனல் கார்ப்பரேஷனும் ஆதரித்தது. நுயிக்சுட்டின் அப்போதைய நகர மேயர் எதிர்த்தார். 2023 மார்ச்சில் வாஷிங்டன் அனுமதி கொடுத்தது.

பரோவின் தரப்பு எளிது: உத்கியாக்விக்கின் யூட்டிலிடாரும், அனாக்டுவுக் பாஸின் பள்ளியும், மீட்பு ஹெலிகாப்டரும் புதுச் சாதனங்களுக்கு விழும் வரியால்தான் ஓடும். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் எரிவாயு எரியும் வெளிச்சம் ஜன்னலில் தெரிவது 512 பேர் உள்ள ஓர் ஊருக்கு மட்டும்; முடிவெடுக்கும் அவை இருப்பது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்குப் பொதுவான நலன் இருக்க முடியுமா என்று 1972இல் எண்ணெய் நிறுவனங்கள் கேட்டன. இன்று அதே கேள்வியை நுயிக்சுட்டின் வாசலில் நின்று கேட்கலாம். கேட்பவர் மாறிவிட்டார், அவ்வளவுதான். அதைத் தீர்த்துவைக்க இந்த முறை வழக்கும் இல்லை, எல்லை ஆணையமும் இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் மேயர் தேர்தல் இருக்கிறது. அதில் வாக்குகளில் பெரும்பகுதி உத்கியாக்விக்கில்.